107 பல்லும் 129 பல்லும்: பினாங்கில் ஒரு மினி எஞ்சின் மாற்றம்

ஜெலுத்தோங்கில் எங்கள் பட்டறைக்கு வந்த காடி (கார்) 1970-களின் மினி 1000. அதற்குரிய 998 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு 1275 சிசி எஞ்சின் ஏற்றியிருந்தார்கள். ஏற்றிய சில மாதங்களுக்குள் இரண்டு ஸ்டார்ட்டர் பழுதாகிவிட்டன. பேட்டரி மாற்றியாயிற்று, கேபிள் மாற்றியாயிற்று, சாவித் துவாரத்தின் சுவிட்சும் மாற்றியாயிற்று. மூன்றாவது ஸ்டார்ட்டருக்குக் காசு கொடுப்பதற்கு முன் இன்னொருவரிடம் காட்டிவிடலாம் என்று உரிமையாளர் கொண்டுவந்தார்.

இந்தக் கோளாறை முழுதாக எழுதி வைக்க ஒரு காரணம் இருக்கிறது. எஞ்சின் மாற்றிய காடிகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. மினி என்றில்லை, புரோட்டானிலும் வரும், பழைய டட்சனிலும் வரும். ஒவ்வொரு முறையும் பழி ஸ்டார்ட்டர் மேலேயே விழுகிறது. ஸ்டார்ட்டரை எஞ்சினுக்கு உரிய பொருளாகப் பார்க்கிறோம், அதனால்தான். உண்மையில் அது ரிங் கியருக்கு உரியது. எந்த எஞ்சின் என்பதை விட, அந்த எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான பிளைவீலைச் சுற்றி எந்தப் பல்வளையம் (ரிங் கியர்) இருக்கிறது என்பதுதான் எந்த ஸ்டார்ட்டர் வேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

காடியும் எஞ்சினும்

உரிமையாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர். பாலிக் புலாவில் அவருக்கு உறவினர்கள் உண்டு. துன் சர்டோன் சாலையின் மலையேற்றத்தில் 998 எஞ்சின் இரண்டாவது கியரை விட்டு மேலே போகாது. ஏர்கான் இல்லாத அந்தச் சின்னக் காடியில் நான்கு பேர் உட்கார்ந்து மத்தியான வெயிலில் ஏறினால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1275 ஏற்றியதற்கு அதுதான் காரணம், நல்ல காரணம்.

மினி 1959 முதல் 2000 வரை தயாரானது. 1275 எஞ்சின் 1990-இல் கூப்பர் மாடலோடு திரும்பி வந்தது. 1992-இல் 998-ஐ நிறுத்திய பிறகு எல்லா மினியிலும் 1275 தான். தொண்ணூறுகளில் ஜப்பானில் மினிக்கு நல்ல விற்பனை. அங்கே வலது பக்க ஸ்டீயரிங், இங்கேயும் அப்படித்தான். அதனால் ஜப்பானில் கழித்துக்கட்டிய மினிகள் பாதியாக வெட்டப்பட்டு நம் ஊர் ஹாஃப் கட் கடைகளுக்கு வந்தன. ஆசிரியர் வாங்கிய எஞ்சினும் பட்டர்வொர்த் பக்கத்தில் அப்படி ஒரு கடையில் கிடைத்ததுதான்.

மினியில் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியிலேயே இருக்கும், இரண்டுக்கும் ஒரே எண்ணெய். ஆகவே விற்கும்போது எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச், பிளைவீல் எல்லாம் ஒரே கட்டியாக வரும். ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் மட்டும் தனி விலை. இந்த எஞ்சினிலும் அவற்றைக் கழற்றி எடுத்திருந்தார்கள். எஞ்சின் ஏற்றிய பட்டறையில் ஸ்டார்ட்டருக்கு ஏன் தனிச் செலவு என்று 998-இல் இருந்ததையே மாட்டினார்கள். இரண்டு போல்ட், சரியாக உட்கார்ந்தது, இறுகியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

புகார்

“தம்பி, எஞ்சின் நல்ல எஞ்சின். ஸ்டார்ட் ஆயிட்டா ஒரு குறையும் இல்ல. ஸ்டார்ட் ஆகுறதுக்குள்ளதான் பெரும்பாடு” என்றார்.

சாவியைத் திருப்பினால் சில நேரம் இரும்பை இரும்பில் தேய்க்கிற சத்தம். சில நேரம் ‘டங்’ என்று ஒரு அடி, அப்புறம் மோட்டார் மட்டும் சும்மா சுற்றும். சில நேரம் தடுமாறித் தடுமாறி எஞ்சினைச் சுற்றிவிடும், எஞ்சினும் பிடித்துக்கொள்ளும். ஒன்றிரண்டு முறை பினியன், அதாவது ஸ்டார்ட்டர் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம், பிளைவீலில் சிக்கி நின்றிருக்கிறது. நான்காவது கியரில் போட்டுக் காடியை முன்னும் பின்னும் ஆட்டினால்தான் விடுபட்டதாம்.

‘சில நேரம்’ என்கிற இந்த வார்த்தையைக் கேட்டதும் நிறையப் பேர் வயரிங்கைத் தேடிப் போவார்கள். நாங்களும் முதலில் மின்சாரத்தைப் பார்த்து ஒதுக்கினோம். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். எஞ்சின் சுற்றும் நேரத்தில் 10 வோல்ட்டுக்குக் கீழே போகவில்லை. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே அளந்த வோல்ட்டேஜ் இழப்பு மிகச் சிறியது, ஆகவே எர்த் பட்டை நல்ல பிடிப்பில் இருக்கிறது. மினியில் இந்த எர்த் பட்டையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது விட்டுப்போனால் ஸ்டார்ட்டரின் மொத்தக் கரண்ட்டும் சோக் கேபிள் வழியாகவும் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் பாய்ந்து அவற்றைச் சுட்டுவிடும்.

மின்சாரத்தில் குறை இல்லை. மீதி இருந்தது இரும்பு.

ஸ்டார்ட்டரைக் கழற்றிய பிறகு

கிரில்லுக்குப் பின்னால், வலது பக்கம், இரண்டு போல்ட். கழற்றிப் பார்த்தால் பினியன் பற்களின் முனை மழுங்கிச் சாய்ந்திருந்தது. புது ஸ்டார்ட்டர் இவ்வளவு சீக்கிரம் இப்படித் தேயாது. பற்களின் பக்கங்களில் ஒழுங்காகக் கடித்த தடம் எங்குமே இல்லை, உச்சியில் மட்டும் அடி விழுந்திருந்தது. சரியாகப் பொருந்தும் பற்கள் பக்கவாட்டில் பளபளப்பாகும். உச்சி மட்டும் அடிபட்டிருந்தால் அந்தப் பல் எதிர்ப்பல்லின் இடைவெளிக்குள் போகவே இல்லை என்று பொருள்.

அந்தத் துவாரம் வழியாக டார்ச் அடித்து ரிங் கியரைப் பார்த்தோம். பிளைவீலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில், எதிரெதிராக இரண்டு இடங்களில் பற்கள் சிதைந்திருந்தன. மற்ற இடங்கள் பரவாயில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினை அணைத்தால் அது கம்ப்ரெஷன் தடுக்கிற இடத்தில்தான் நிற்கும். ஒரு சுற்றில் அப்படி இரண்டு இடங்கள், 180 பாகை இடைவெளியில். ஸ்டார்ட்டர் ஒவ்வொரு முறையும் மோதுவது அந்த இரண்டு இடங்களில்தான். புகாரில் இருந்த ‘சில நேரம்’ என்பதற்கும் இங்கேதான் பதில்: சிதைந்த இடத்தில் நின்றால் ஒரு சத்தம், கொஞ்சம் தள்ளி நின்றால் வேறு சத்தம்.

அப்புறம் எண்ணினோம். ஒரு பல்லில் வெள்ளைப் பெயின்ட் வைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்காவது கியரில் காடியை மெல்லத் தள்ள ஒருவர், டார்ச்சோடு எண்ண ஒருவர். 129 பல்.

இங்கேயே விஷயம் முடிந்துவிட்டது. பழைய மினிகளில் இருந்த ஸ்டார்ட்டர் இனர்ஷியா வகை. அதற்குரிய ரிங் கியரில் 107 பல். எண்பதுகளின் நடுவில் மினிக்கு பிரீ-எங்கேஜ் வகை ஸ்டார்ட்டர் வந்தது. அதற்குரிய ரிங் கியரில் 129 பல். இரண்டு ஸ்டார்ட்டரும் பிளைவீல் ஹவுசிங்கில் அதே இரண்டு போல்ட்டில் உட்காரும், தொல்லையே அதுதான். உட்காராமல் இருந்திருந்தால் மாட்டியவர் அன்றைக்கே நின்று யோசித்திருப்பார்.

இரண்டு வளையமும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு என்று வைத்துக் கணக்குப் போடலாம். 107-ஐ 129-ஆல் வகுத்தால் 0.83. அதாவது புது வளையத்தில் பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி, பழைய பினியன் எதிர்பார்க்கிற இடைவெளியில் 83 சதவீதம்தான். ஒரு பல் தற்செயலாகச் சரியான இடத்தில் இறங்கினாலும் அடுத்த பல் 17 சதவீதம் தள்ளி நிற்கும், அதற்கடுத்தது மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிற்கும். பேன் சீப்பையும் சாதாரணச் சீப்பையும் ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். இந்த நிலையிலும் எஞ்சின் சில முறை ஸ்டார்ட் ஆனதற்குக் காரணம், ஓரிரு பற்கள் விளிம்பில் தொற்றிக்கொண்டு தள்ளியது. ஒவ்வொரு முறை தள்ளியபோதும் இரண்டு பக்கமும் இரும்பு உரிந்தது.

எண்ண முடியாத காடிகளில் நாங்கள் செய்கிற வேறொரு சோதனை உண்டு. குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணை ரிங் கியரின் பற்களில் அழுத்தி எடுத்து, அந்த அச்சில் பினியனை உருட்டிப் பார்ப்பது. பொருந்தாவிட்டால் மூன்றாவது பல்லிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு வகை ஸ்டார்ட்டர்

வித்தியாசம் பல்லோடு நிற்கவில்லை. இனர்ஷியா வகையில் சாவியைத் திருப்பியதும் மோட்டாருக்கு முழுக் கரண்ட் போய்விடும். மோட்டார் திடீரென்று சுற்றும் வேகத்தில், புரியிட்ட தண்டின் மேல் இருக்கும் பினியன் தன் கனத்தால் பின்தங்கி, புரி வழியாக நகர்ந்து ரிங் கியர் மேல் போய் விழும். பினியன் சேர்வதற்கு முன்பே மோட்டார் சுழல்கிறது, அதனால் அடி பலமாக விழும். இதன் சாலனாய்டு (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) ஸ்டார்ட்டரில் இருக்காது, தனியாகப் பாடியில் இருக்கும்.

பிரீ-எங்கேஜ் வகையில் சாலனாய்டு ஸ்டார்ட்டரின் முதுகிலேயே இருக்கிறது. முதலில் அது ஒரு நெம்புகோலை இழுத்துப் பினியனை ரிங் கியருக்குள் தள்ளும். தள்ளி முடித்த இடத்தில்தான் மோட்டாருக்கான காண்டாக்ட் மூடும். சேர்ந்த பிறகு சுற்றுவதால் மோதல் குறைவு, எஞ்சின் தட்டித் தட்டிப் பிடிக்கும்போதும் பினியன் விலகி ஓடாது. அதனுள்ளே ஒருவழிக் கிளட்ச் ஒன்றும் உண்டு. பினியனுக்கு 10 பல் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், ரிங் கியர் ஒரு சுற்று வரும்போது பினியன் கிட்டத்தட்ட 13 சுற்று வர வேண்டும். எஞ்சின் பிடித்து 1,000 சுற்றுக்கு ஏறிய பிறகும் பினியன் சேர்ந்தே இருந்தால் மோட்டார் 13,000 சுற்று சுற்ற நேரும். ஒருவழிக் கிளட்ச் அதைத் தடுக்கிறது.

என்ன செய்யலாம் என்று யோசித்தது

மூன்று வழி இருந்தது. 998-இன் பழைய பிளைவீலை எடுத்து 1275-இல் மாட்டுவது ஒன்று. ஆசிரியர் இதைத்தான் முதலில் கேட்டார், பழைய பிளைவீல் வீட்டில் இருக்கிறதாம். நான் வேண்டாம் என்றேன். பழைய மினியின் கிளட்ச் வேறு, எண்பதுகளில் வந்த வெர்டோ கிளட்ச் வேறு. பிளைவீலை மாற்றினால் கிளட்ச் தட்டு, அதன் மூடி, தள்ளும் கை, ஸ்லேவ் சிலிண்டர் எல்லாம் கூடவே மாற வேண்டும். ஸ்டார்ட்டர் கோளாறைத் தீர்க்கக் கிளட்ச்சையே பிரித்து அடுக்குவது சரியில்லை. இன்ஜெக்ஷனோடு ஓடும் 1275-ஆக இருந்தால் இன்னொரு சிக்கலும் வரும்: கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) எந்த நிலையில் நிற்கிறது என்று சென்சார் படிக்கிற குறிகள் பிளைவீலில்தான் இருக்கின்றன, பழைய பிளைவீலில் அவை கிடையாது. இந்தக் காடி எஸ்யூ கார்ப்பரேட்டரில் ஓடுவதால் அந்தக் கவலை இல்லை.

இரண்டாவது, பிளைவீலை வைத்துக்கொண்டு வளையத்தை மட்டும் 107 பல்லுக்கு மாற்றி இனர்ஷியா ஸ்டார்ட்டரோடு தொடர்வது. இது நடக்கும், செலவும் குறைவு. ஆனால் 1275-ஐச் சுற்றக் கூடுதல் பலம் வேண்டும்.

மூன்றாவது, 129 பல் புது வளையமும் அதற்குரிய பிரீ-எங்கேஜ் ஸ்டார்ட்டரும். எப்படியும் சிதைந்த வளையத்தை மாற்றியாக வேண்டும், பிளைவீல் எப்படியும் வெளியே வரப்போகிறது. அப்படியென்றால் நல்ல வகைக்கே போய்விடலாம் என்று மூன்றாவதைச் சொன்னேன். ஆசிரியர் ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

வேலை

மினியில் பிளைவீலை எஞ்சின் இறக்காமலே எடுக்கலாம். வலது பக்க மவுண்ட்டைக் கழற்றி எஞ்சினைக் கொஞ்சம் தூக்கினால் கிளட்ச் மூடி வெளியே வரும். பிளைவீல் கிராங்க்கின் கூம்பு முனையில் ஒரே பெரிய போல்ட்டில் இறுகியிருக்கும். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். இழுப்பதற்கு முன் கிராங்க்கின் முனையில் இருக்கும் வெட்டுப்பள்ளம் படுக்கைவாட்டில் நிற்கும்படி திருப்பிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிரைமரி கியருக்குப் பின்னால் இருக்கும் ‘சி’ வாஷர் நழுவி இறங்கிவிடும், அதன் மேல் இழுத்தால் உடையும். அடுத்து, நடு போல்ட்டை முழுதாகக் கழற்றக் கூடாது. சில புரி தளர்த்திவிட்டுப் புல்லரைப் போட வேண்டும். கூம்பில் பல வருடம் இறுகிய பிளைவீல் விடும்போது துப்பாக்கிச் சத்தத்தோடு விடும். போல்ட் இல்லாவிட்டால் அந்தக் கனம் நேராக முன்னால் நிற்பவர் மேல்தான் வரும்.

ரிங் கியருக்குப் போல்ட் கிடையாது. சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, அந்தப் பிடியில்தான் நிற்கிறது. பழையதை எடுக்க இரண்டு பல்லுக்கு நடுவே துளையிட்டு உளியால் ஒரே அடி, பிளந்துவிடும். துளை பிளைவீலில் பட்டுவிடக் கூடாது. புது வளையத்தை லேத் பட்டறை அடுப்பில் சீராகச் சுட வைத்தோம். 250 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையம் ஒன்று 200 பாகை செல்சியஸ் சூடேறினால் விட்டம் சுமார் 0.6 மி.மீ. கூடும். இந்த வேலைக்கு அவ்வளவு போதும். கேஸ் விளக்கை ஒரே இடத்தில் பிடித்துச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். பல்லுக்குக் கொடுத்த கடினம் அங்கேயே போய்விடுகிறது, ஒரு வருடத்தில் அந்த இடம் மட்டும் தேய்ந்து வரும்.

சுடுவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று, பற்களின் சரிவு வெட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. பினியன் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறதோ அந்தப் பக்கம்தான் சரிவு இருக்க வேண்டும். வளையம் சூடாகக் கையில் இருக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது, அது குளிர்ந்த பிளைவீலில் இறங்கியதும் நொடிகளில் இறுகிவிடும். ஆகவே பக்கத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டே அடுப்பில் வைத்தோம்.

வயரிங் சுலபம். மினியின் பேட்டரி பின்னால் டிக்கியில் இருக்கிறது, அங்கிருந்து வரும் தடித்த கேபிளை நேராகப் புது ஸ்டார்ட்டரின் பெரிய முனைக்குக் கொண்டுபோனோம். சாவியிலிருந்து வரும் வெள்ளை-சிவப்பு வயர் அதன் சாலனாய்டுக்கு. பழைய தனிச் சாலனாய்டின் இடத்தில் பழுப்பு வயர்களைச் சேர்க்க ஒரு முனை மட்டும் விட்டோம்.

வேறு எஞ்சின்களில் இதே கதை

மினியில் வட்டம் ஏறக்குறைய ஒன்று, பல் வேறு. இதற்கு நேர் எதிரான கதை அமெரிக்க ஷெவர்லே வி8 எஞ்சினில் இருக்கிறது. அங்கே 153 பல் பிளைவீல் உண்டு, விட்டம் 12.75 அங்குலம். 168 பல் பிளைவீலும் உண்டு, 14 அங்குலம். வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் அங்குலத்துக்கு 12 பல்தான். பல்லின் அளவு ஒன்று, வட்டம் வேறு. அதனால் ஸ்டார்ட்டரின் மூக்கும் அதன் போல்ட் துளைகளும் மாறுகின்றன. பெரிய பிளைவீலுக்குரிய ஸ்டார்ட்டரைச் சின்னதுக்குப் போட்டால் பினியன் பல்லைத் தொடாமல் சுற்றும். ஆகவே ‘பல் எத்தனை’ என்று மட்டும் கேட்டால் போதாது, வட்டம் எவ்வளவு, ஸ்டார்ட்டர் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதும் வேண்டும்.

நம் ஊரில் புரோட்டான் வீராவிலும் சத்ரியாவிலும் மிட்சுபிஷி 4ஜி63 டர்போ ஏற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது கிராங்க் பக்கம். அந்த எஞ்சினின் கிராங்க்கில் பிளைவீல் 6 போல்ட்டில் நிற்கும் பழைய வகையும் உண்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த 7 போல்ட் வகையும் உண்டு. எஞ்சின் பெயர் ஒன்று, பிளைவீல் ஒன்றுக்கொன்று போகாது. இந்தத் தவறு குறைந்தபட்சம் மேசையிலேயே தெரிந்துவிடும்.

மேசையில் தெரியாத தவறுதான் மோசம். ஃபோர்டின் 302 எஞ்சினில் பிளைவீலில் வேண்டுமென்றே ஒரு பக்கம் கனம் வைத்திருக்கிறார்கள், கிராங்க்கைச் சமன்செய்ய. பழையதில் அந்தக் கனம் 28 அவுன்ஸ்-அங்குலம், எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து 50. மாற்றி மாட்டினால் போல்ட்டும் பொருந்தும், ஸ்டார்ட்டரும் அருமையாகச் சுற்றும். அதிர்வில் பேரிங் போகும் வரை யாருக்கும் தெரியாது.

எஞ்சின் மாற்றப்போகும் எவருக்கும் நான் சொல்வது இதுதான். பிளைவீலைக் கிராங்க்கோடு விட்டுவிடுங்கள். ஸ்டார்ட்டரை ரிங் கியரையும் அது மாட்டும் ஹவுசிங்கையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் நடுவில் இருக்கும் வளையத்தை மாற்றலாம், அதன் விலை ஒரு ஸ்டார்ட்டர் விலையில் சின்னப் பங்குதான். ஹாஃப் கட் கடையில் எஞ்சின் வாங்கும்போது அதே எஞ்சினின் ஸ்டார்ட்டரையும் சேர்த்துக் கேளுங்கள், அது பழுதாக இருந்தாலும் பரவாயில்லை. எது வேண்டும் என்று காட்டவாவது கையில் ஒரு மாதிரி இருக்கும். எஞ்சின் தரையில் இருக்கும்போது பல்லை எண்ண ஐந்து நிமிடம் போதும்.

பின் விவரம்

புது ஸ்டார்ட்டரை மாட்டுவதற்கு முன் பினியனை ரிங் கியரில் கையால் சேர்த்துப் பார்த்தோம். பல் முழு அகலத்துக்குச் சேர வேண்டும், அதே சமயம் அடிவரை முட்டிவிடவும் கூடாது, கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். இருந்தது. சாவியைத் திருப்பியதும் ஒரே சீரான சுற்று, எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆசிரியர் எதுவும் சொல்லாமல் அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

எஞ்சின் நம்பர் மாறியிருப்பதால் பஸ்பக்கோம் வாகனப் பரிசோதனையும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவும் பாக்கி இருந்தன. ஸ்டார்ட் ஆகுமா ஆகாதா என்று தெரியாத காடியை வரிசையில் நிறுத்தப் பயந்து தள்ளிப் போட்டிருந்தார். அதையும் முடித்துவிட்டு எண்ணெய் மாற்ற வந்தபோது ஸ்டார்ட்டரைக் கழற்றி ரிங் கியரைப் பார்த்தோம். எஞ்சின் நிற்கும் அந்த இரண்டு இடங்களில் பற்களின் பக்கவாட்டில் முழு அகலத்துக்கும் லேசான பளபளப்பு, உச்சியில் அடி எதுவும் இல்லை.

வீணான இரண்டு ஸ்டார்ட்டர்களில் ஒன்றின் உள்சுற்று நன்றாக இருந்தது. அதற்குப் புதுப் பினியன் போட்டு, ஆயர் ஈத்தாமில் இன்னும் 998 எஞ்சினோடு ஓடும் ஒரு மினிக்குக் கொடுத்தோம். அதில் 107 பல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டே கொடுத்தோம்.